உலனின் நூறு பசுக்கள்

அபிரதனை அரசனாக்க இரண்டு வருடம் பிடித்தது. அவனுடைய தாத்தாவை அரசனாக்க, ஒரு கலயம் மோர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை என்பார்கள். அக்கரைக்காரர்கள் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சபையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்குத் தோள் அகலம், யாருக்குக் குரல் பெரிது என்று தேடியதில் அந்த ஆள் அகப்பட்டார். "நீ முன்னால போ, நாங்க பின்னால வர்றோம்" என்றார்கள். போனார். மாடுகளோடு திரும்பி வந்தார். சபை நடுவில் மந்தையை நிறுத்தினார்கள். பங்குக்காரர் என்று ஒருவர் எழுந்து, இன்ன வீட்டுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்தார். அரசருக்கு ஒரு பங்கு கூடுதல். அந்தக் கூடுதலையும் அன்றைக்கே அறுத்து ஊருக்கு விருந்து போட்டுவிட்டு, மறுநாள் காலை அவரும் எல்லோரையும் போல வயலில் வாற்கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். அடுத்த தடவை சரியாகப் போகவில்லையென்றால், "யப்பா, நீ வீட்லயே இரு" என்று சொல்லவும் சபைக்கு வாய் இருந்தது.

பேரன் அபிரதன் தன் வாழ்நாளில் எந்த மாட்டையும் மீட்டதில்லை. ரதத்தில் ஏறுவதற்குள் மூன்று தடவை பெருமூச்சு விடுவான். இதைப் புறம்பேச்சு என்று நினைக்க வேண்டாம். பதினொரு வருடமாக அவனுக்கு ரதம் ஓட்டுகிறவன் நான். வம்ரன் என்று பெயர். ரதத்தில் இடப்பக்கம் வீரன் நிற்க வேண்டும், வலப்பக்கம் சாரதி. எங்கள் ரதம் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே ஓடும். அது வீரத்தின் எடை அல்ல.

அவனுடைய அப்பா செத்ததும் அவன் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான். சபையை யாரும் கேட்கவில்லை. சபையும் கேட்கச் சொல்லவில்லை, அன்று நல்ல மழை. சபை பொறுக்கியெடுத்த ஆளுக்குச் சடங்கு தேவைப்படாது. யாருமே பொறுக்காத ஆளுக்குத்தான் தெய்வம் பொறுக்கியதாகச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருக்கிறது. வாய் கிடைத்தது: புரோகிதர் மௌஞ்சாயனர். பட்டம் சூட்டும் பெரிய சடங்கை அவர் ஆரம்பித்தார். பதினேழு வகைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், பனித்துளி, வெயில் அடிக்கும்போது பெய்த மழைத் தண்ணீர். அந்தக் கடைசித் தண்ணீருக்காக நாலு மாதம் காத்திருந்தோம். அரசனுக்குத் தூண்களாக இருக்கிற பன்னிரண்டு பேர் 'ரத்தினங்கள்' என்றார். அரசன் ஒவ்வொரு ரத்தினத்தின் வீட்டுக்கும் போய் நெருப்பில் நெய் விட வேண்டும். சாரதியும் ஒரு ரத்தினம். ஆகவே என் வீட்டுக்கும் வந்தான். நெய் எங்கள் நெய்.

இதற்கெல்லாம் பிறகுதான் மாடுகளின் முறை வந்தது.

பழைய அரசர்கள் மாடு கவர்ந்து அரசரானவர்கள். ஆகவே இவனும் கவர்ந்தாக வேண்டும். ஆனால் அக்கரைக்காரனிடம் போய்க் கவர்ந்தால் அவன் திருப்பி அடிப்பான். இந்தச் சங்கடத்தைப் பெரியவர்கள் முன்பே யோசித்து வழி வைத்திருக்கிறார்கள் என்றார் மௌஞ்சாயனர். சொந்தக்காரன் மாட்டைக் கவர்ந்தால் போதும். நூறு பசுக்களை வேள்வி நெருப்புக்கு வடக்கே நிறுத்திவைப்பார்கள். அரசன் ரதத்தில் அவற்றுக்கு நடுவே போய், வில்லின் நுனியால் ஒரு பசுவைத் தொட்டு, "கவர்ந்தேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு, அத்தனை மாடுகளையும், முடிந்தால் அதற்கு மேலும், அந்தச் சொந்தக்காரனுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சண்டை இல்லை, காயம் இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இப்படி ஒரு போர் இருப்பது அபிரதனின் தாத்தாவுக்குத் தெரியாமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம்.

சொந்தக்காரன் என்று இருந்தவன் உலன், அபிரதனின் சித்தப்பா மகன். சபையில் அவன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, எங்கிட்ட முப்பத்தெட்டுதான் இருக்கு. அதுலயும் ரெண்டு நொண்டி."

"நூறுன்னுதானே இருக்கு?" என்று அபிரதன் மௌஞ்சாயனரைப் பார்த்தான்.

"நூறு. குறையக்கூடாது."

"முப்பத்தெட்டைக் கவர்ந்தா?"

"முப்பத்தெட்டு அளவுக்கு அரசனா இருக்கலாம்" என்றார் மௌஞ்சாயனர்.

அபிரதனின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, பங்குக்காரர் எழுந்தார். முன்னாள் பங்குக்காரரின் மகன். பெயர் அதுதான், வேலை மட்டும் கொஞ்சம் திரும்பிக்கொண்டது: அப்பா ஊருக்குப் பிரித்துக் கொடுப்பார், மகன் ஊரிலிருந்து பிரித்து எடுப்பார். "ஊர்ல மாட்டுக்கா பஞ்சம்? ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு கொண்டாந்து உலன் மந்தையோட நிறுத்துங்க. அரை நாள். சடங்கு முடிஞ்சதும் ஓட்டிக்கிட்டுப் போங்க. கன்னுங்கள மட்டும் வீட்லயே கட்டிருங்க, குதிச்சு வரிசையக் கெடுக்கும்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்கென்ன, மாடு என்னுடையதா?

மாடு என் மனைவி சஸ்வதியுடையது. அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா கொடுத்த பசுவின் பேத்தி. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. அருணி என்று கூப்பிட்டால் எந்த மந்தையிலிருந்தும் தனியாக வரும். எங்களுக்கு வேறு மாடு கிடையாது. தயிர், நெய், அடுப்புக்கு வறட்டி, என் மகளின் கல்யாணக் கனவு, எல்லாம் அந்த ஒரு மடியில்தான்.

"உலன் மாடுன்னு சொல்லி நிறுத்தப்போறீங்களா?" என்றாள் சஸ்வதி.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்டி. அரை நாள்."

"நீங்க அரை நாள்னு சொன்னது எதாவது அரை நாள்ல முடிஞ்சிருக்கா? அந்த ஆளு ராஜாவாகறதே ரெண்டு வருஷமா ஓடுது."

"மெதுவாப் பேசு. நம்ம வீடே ஒரு ரத்தினம்னு சொல்லியிருக்காங்க."

"ரத்தினம் ஒழுகுது. முதல்ல கூரைய மேய்ங்க."

கடைசியில் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்றால், கன்று வீட்டில் இருக்கிறது, அருணி எங்கே போய்விடும் என்று நினைத்தாள். கொம்புக்கு அவளே நெய் தடவி அனுப்பினாள்.

அன்று காலை அபிரதனுக்குப் பன்றித்தோல் செருப்பு மாட்டினார்கள். இனி ஆயுசுக்கும் அவன் வெறுங்காலை மண்ணில் வைக்கக்கூடாதாம். பிறகு மௌஞ்சாயனரும் இன்னும் மூன்று பேரும் குச்சிகளால் அவன் முதுகில் மெல்லத் தட்டினார்கள். தட்டியாகிவிட்டதால் இனி அவனை யாரும் தண்டிக்க முடியாது என்று அர்த்தம். தாத்தா காலத்தில் அடி வாங்குகிற மாதிரி நடந்தால் அடிதான் விழும். பேரன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டான், ஈ ஓட்டுகிற அளவுக்கு.

ரதத்தில் ஏறினான். இடப்பக்கம் சாய்ந்தது. நான் குதிரைகளைத் தட்டினேன். நெருப்புக்கும் மந்தைக்கும் நடுவே மொத்தம் நாற்பது அடி தூரம். ஊர் முழுக்கக் கத்தியது, என்னவோ அக்கரையையே பிடித்துவிட்ட மாதிரி.

"வம்ரா, மெதுவா" என்றான் அபிரதன். "முட்டுமா?"

"முட்டாது ராஜா. எல்லாம் வீட்டு மாடு."

"அது ஏன் இந்தப் பக்கமா வருது?"

வந்தது அருணி. என்னைப் பார்த்துவிட்டது. வரிசையை விட்டு நகர்ந்து, ரதத்துக்கு அருகில் வந்து, கடிவாளம் பிடித்த என் கையை நக்கியது. அபிரதன் வில்லை ஒரு கொம்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நுனி அருணியின் நெற்றி வெள்ளையில் பட்டது. "கவர்ந்தேன்!" என்று வீறிட்டான். அப்படியாக, நான் ரதம் ஓட்டி, என் வீட்டு மாட்டையே கொள்ளையடித்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் அபிரதனை இறக்கினார்கள். என்னை இறங்கவிடவில்லை. அரசனும் சாரதியும் ஒன்றாக இறங்கினால் இரண்டு பேரும் செத்தபின் ஒரே உலகத்துக்குப் போய்விடுவார்களாம். அவன் போகிற உலகத்துக்கு எனக்கும் ஆசையில்லை என்பதால் பேசாமல் நின்றேன். என்னோடு சேர்த்து ரதத்தைத் தூக்கி ஒரு மேடையில் வைத்தார்கள். மந்திரம் முடிகிறவரை அங்கேயே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

உயரத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மௌஞ்சாயனர் உலனின் கையில் தண்ணீர் விட்டார். "கவர்ந்த பசுக்களையும் அதற்கு மேலும் உனக்குத் தந்தேன்" என்று அபிரதன் சொன்னான். அந்த 'மேலும்' எங்கிருந்து வந்தது என்றால், பங்குக்காரர் முந்தின நாள் எங்கள் தெருக்களில் பொறுக்கிவந்த ஏழு கிடாரிகள். உலனின் ஆட்கள் தடியோடு வந்தார்கள். நூற்றேழு உருப்படிகளையும் ஒரே மந்தையாக உலனின் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அருணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. நான் பொம்மை மாதிரி மேடைமேல் நின்றுகொண்டிருந்தேன்.

கீழே குதித்ததும் நேராக மௌஞ்சாயனரிடம் ஓடினேன். அவர் நெய் தோய்ந்த விரல்களைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மாடு?"

"எந்த மாடு?"

"என் பொண்டாட்டி மாடு. உலனோட பட்டிக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

"அரசன் கவர்ந்தான். கவர்ந்தது கவர்ந்தவனுக்குச் சொந்தம். அதை அவன் உலனுக்குத் தண்ணி விட்டுக் குடுத்தான். இதுல உன் பொண்டாட்டி எங்க வந்தா?"

"அரை நாளுக்கு இரவல் குடுத்தது சாமி!"

"அப்ப ஏன் உலன் மாடுங்களோட நின்னுச்சு?"

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"நூறு மாடு நிக்கணும்னு சொன்னேன். பொய்யா நிக்கணும்னு சொன்னேனா?" என்றார். எதையும் யோசிக்காமல் வந்த பதில் அல்ல அது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், இப்போதுதான் அவருக்கே தோன்றியது போலவும் இருந்தது. தான் செய்த தப்பு தனக்கே பெரிய நுட்பமாகத் தெரிவதில் அந்த மனிதருக்கு நிகர் இல்லை.

வீட்டுக்குப் போனேன். சஸ்வதி வாசலில் நின்றாள். உள்ளே கன்று கத்திக்கொண்டிருந்தது. என் கைகளைப் பார்த்தாள், கயிறு இல்லை.

"மாடு வந்தப்புறம் நீங்க வாங்க" என்றாள்.

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். ரதக் கொட்டிலில் குதிரைகளோடு ஆறு நாள் இருந்தேன். குதிரைகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் சபை கூடியது. சஸ்வதியின் அம்மா அதே சபையில் எழுந்து நின்று பேசிய பெண். இப்போது பெண்கள் சபைக்கு வருவதில்லை என்று ஒரு வழக்கம். வழக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆதிகாலத்திலிருந்தே இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே சஸ்வதி முள்வேலிக்கு அந்தப்பக்கம் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஆண்கள் தான்றிக்காய்களை உருட்டிச் சூதாடிக்கொண்டு அரசனுக்காகக் காத்திருந்தோம். முன்பெல்லாம் சபைக்காக அரசர் காத்திருப்பார்.

அபிரதன் வந்து புலித்தோலில் உட்கார்ந்தான். நான் எழுந்தேன். வேலிக்குக் கீழே சஸ்வதியின் கால்கள் தெரிந்தன, மறுபடி உட்கார வழியில்லை.

"ராஜா, நெத்தியில வெள்ளை இருக்கிற செவலைப் பசு எங்க வீட்டோடது. சடங்குக்கு இரவல் குடுத்தது. திருப்பித் தரச் சொல்லணும்."

அறுபது வீட்டு ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருடைய மாடும் அதே பட்டியில்தான் இருந்தது. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மௌஞ்சாயனர் பாய்ந்தார். "அது உலன் மாடு! உலன் மாடுன்னுதான் அரசன் கவர்ந்தான். அது உலன் மாடே இல்லைன்னா, அரசன் சொந்தக்காரன் மாட்டைக் கவரவே இல்ல. சொந்தக்காரன் மாட்டைக் கவரலன்னா அந்தச் சடங்கே..."

அங்கே வாயை மூடினார். கொஞ்சம் தாமதமாக மூடினார்.

"சடங்கே?" என்றான் அபிரதன்.

மௌஞ்சாயனர் தாடியைத் தடவினார்.

"சொல்லுங்க. சடங்கே?"

"...செல்லாது."

"அப்ப நான்?"

ஒருவன் கையிலிருந்து தான்றிக்காய்கள் நழுவித் தரையில் ஓடின. அபிரதன் தன் பன்றித்தோல் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான், அது இன்னும் காலில் இருக்கிறதா என்பது போல. பிறகு என்னைப் பார்த்தான். பதினொரு வருடத்தில் அவன் என் முகத்தை முழுசாகப் பார்த்தது அன்றுதான். பதினேழு தண்ணீர், பன்னிரண்டு ரத்தினம், புலித்தோல், இரண்டு வருடம், எல்லாம் ஒரு செவலைப் பசுவின் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கயிறு என் கையில்.

"தீயைத் தொட்டுச் சொல்லு வம்ரா" என்றார் மௌஞ்சாயனர், உலர்ந்த குரலில். "அது யார் மாடு?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் இனிமையாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருப்பேன். பங்குக்காரர் கெடுத்துவிட்டார். எழுந்து, பதறாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்:

"செல்லலைன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடல. மறுபடியும் செஞ்சுட்டாப் போச்சு. மறுபடி ரெண்டு வருஷம். மறுபடி தட்சிணைக்கு மாடு. நாளைக்குக் காலைல வீட்டுக்கு ரெண்டுன்னு ஆரம்பிச்சுடலாம்."

சபை குலுங்கியது.

"யப்பா வம்ரா" என்றான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்கு மூன்று மாடு போயிருந்தது. "சின்ன விஷயம்பா. பெருசாக்காத."

"உனக்கு ஒண்ணுதான் போச்சு. மத்தவங்களையும் நெனச்சுப் பாரு!"

"மழைக்கு நடுவுல வெயில் வர்றதுக்கு மறுபடி நாலு மாசம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாதுப்பா."

"உலன் மாடுன்னு சொல்லிட்டுப் போயேன். வாயா வலிக்குது?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மட்டும், "மறுபடி ஏன் செய்யணும்?" என்றார். "ராஜா இல்லாமலும் இருந்திருக்கமே."

"தாத்தா தூக்கத்துல பேசறாரு" என்று சொல்லி அவர் தோளில் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார்கள்.

அறுபது பேர் என்னைப் பார்த்துக் கெஞ்சினார்கள். ஒவ்வொருவனும் தன் மாட்டைத் தின்றவனுக்காகக் கெஞ்சினான். அரசன் தனக்காகக் கெஞ்ச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை; அதற்குத்தான் குடிகள் இருக்கிறார்கள் போலும். நான் அவர்களைவிட உயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. தீக்கு அருகில் கையைக் கொண்டுபோனேன். சுட்டது.

"உலனோடது" என்றேன்.

சபை மொத்தமும் மூச்சுவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சஸ்வதியின் குரல் வந்தது.

"நல்லா ஓட்டினீங்க."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் எடுக்கும் துறைக்குப் போனாள். அங்கே மற்ற வீட்டுப் பெண்களிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: இத்தனை நாள் பால் குடிக்க உலனின் பட்டிக்கு ஓட்டிப்போனது போதும், இனி எந்த வீட்டுக் கன்றும் வாசலைத் தாண்டக் கூடாது. வாற்கோதுமைக் கஞ்சியைக் கரைத்துத் துணியில் நனைத்து ஊட்டுங்கள், கன்றுகள் சாகாது.

கன்று முட்டாமல் எங்கள் பசுக்கள் பாலை இறக்குவதில்லை. இது ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அரசனுக்கும் புரோகிதருக்கும் தெரியாது. அவர்களுக்குப் பால் என்பது கலயத்தில் வருவது. உலனின் பட்டியில் பசுக்கள் மடி கட்டிக் கதறின. எங்கள் வீடுகளில் கன்றுகள் கதறின. கறக்கப் போனவர்கள் உதை வாங்கித் திரும்பினார்கள். ஆக, குடிகள் எவருக்கும் வராத தைரியம் மாடுகளுக்கு வந்தது.

நாலாம் நாள் உலன் நொண்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். நான் எதிர்த்த கொட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாயி, அந்தக் கன்னுக்குட்டிய ரெண்டு நாள் அனுப்பேன்."

"எதுக்கு? அதையும் கவரணுமா?"

"அய்யோ, நானா கவர்ந்தேன்? நான் பாட்டுக்கு முப்பத்தெட்டு மாட்டோட நிம்மதியா இருந்தவன். பால் விடமாட்டேங்குது தாயி. பாரு, முழங்கால் எப்படி வீங்கியிருக்கு!"

"ராஜா கையால வாங்கின மாடில்ல அது? ராஜாவையே வந்து கறக்கச் சொல்லுங்க."

"அண்ணன் மாட்டுக்குப் பயப்படுவாரு" என்றான் உலன், ரகசியக் குரலில்.

"அப்ப நீங்களே கத்துங்க. கன்னு மாதிரி கத்தினா விடும்."

அவன் சிறிது நேரம் அதை உண்மையிலேயே யோசித்தான் என்று நினைக்கிறேன்.

பத்து நாளில் பசுக்கள் வற்ற ஆரம்பித்தன. அரசன் வீட்டு வேள்விக்கு நெய் தீர்ந்தது. மௌஞ்சாயனர் பழைய நெய்யின் அடிவண்டலை ஊற்றி மந்திரம் சொன்னார்; புகைதான் வந்தது. நெய் இல்லையென்றால் நெருப்பு இல்லை, நெருப்பு இல்லையென்றால் மௌஞ்சாயனர் இல்லை. ஆகவே அவருக்கு உடனே ஒரு பழைய விதி ஞாபகம் வந்தது. மறுநாள் சபையில் அறிவித்தார்கள்: கன்றுகளின் அழுகுரலைக் கேட்டு அரசரின் நெஞ்சு உருகிவிட்டது. உலனின் பசுக்களைக் குடிமக்கள் தங்கள் தங்கள் வீடுகளில் கட்டிவைத்துக்கொள்ள அரசர் அனுமதிக்கிறார். புல்லும் தண்ணீரும் குடிமக்களுடையது. சாயங்காலப் பால் வீட்டுக்கு. காலைப் பால் உலனுக்கு. அதை வாங்கிக்கொள்ளப் பங்குக்காரரே நேரில் வருவார், குடிமக்கள் அலைய வேண்டியதில்லை.

அவ்வளவுதான், ஊர் கூத்தாடியது. "அபிரதன் வாழ்க!" என்று கத்தினார்கள். வாற்கோதுமைக் கள் ஓடியது. பசுக்களுக்கு மாலை போட்டு அழைத்துவந்தார்கள். மூன்று மாட்டைத் தொலைத்த பக்கத்து வீட்டுக்காரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சொல்லு வம்ரா, அந்தக் காலத்து ராஜாவுல எவனாவது இப்படி மாட்டைத் திருப்பிக் குடுத்திருக்கானா?"

"இல்லை" என்றேன். அது சத்தியமான உண்மை. நானும் "வாழ்க" என்று கத்தினேன். இரண்டு கலயம் கள் உள்ளே இருந்தது, வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையும் இருந்தது.

அருணி வாசலில் வந்து நின்றதும் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து முட்டியது. சஸ்வதி பசுவின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். விலாவைத் தடவிப் பார்த்தாள். வெகு நேரம் கழித்துத்தான் என்னைப் பார்த்தாள்.

"வந்திருக்கிறது யாரோட மாடு?"

நான் கன்றின் அறுந்த கயிற்றை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

"சரி, உள்ள வாங்க. கூரை இன்னும் ஒழுகுது."

மறுநாள் காலை பங்குக்காரர் கலயத்தோடு வந்து நின்றார். சஸ்வதி கன்றை அவிழ்த்துவிட்டாள். அது குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. பங்குக்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"போதும்மா, கன்னை இழு. உலன் பால் அது."

"மாடு உலனோடது. ஒத்துக்கறேன். கன்னு யாரோடது?"

பங்குக்காரர் யோசித்தார். கவர்ந்த அன்று கன்றுகள் வீட்டில் கட்டிக்கிடந்தன. கட்டச் சொன்னதே அவர்தான்.

"கன்னு... உன்னோடதுதான்."

"என் கன்னு குடிக்குது. அது நிறுத்தினதும் நீங்க கறந்துக்குங்க."

கன்று நிறுத்தியபோது கலயத்தில் ஒரு கை அளவு நுரை தேறியது. பங்குக்காரர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். அதற்குள் அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் கன்றுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஆண்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இன்னும் அரசரின் கருணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதத்தில் எங்கள் தெருக் கன்றுகள் கொழுத்துத் திரண்டன. உலனுடைய நெய் அவன் காதுக்குள் விட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் சேர்ந்தது.

போன வாரம் அபிரதனுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை வந்தது. வெறுங்காலில் நடக்கக்கூடாது, செருப்போடு நடக்கச் சோம்பல், ஆகவே ரதம். எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். வாசலில் சஸ்வதி உட்கார்ந்து கன்றுக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து வம்ரா." அபிரதன் ரதத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அந்தக் கன்னு யாரோடது?"

இந்த முறை நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. சஸ்வதி கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"என் பொண்டாட்டியோடது ராஜா" என்றேன்.

"நல்லா வளந்திருக்கே." தெருவின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினான். "எல்லாமே நல்லா வளந்திருக்கு." கொஞ்ச நேரம் எண்ணுவது போல உதட்டை அசைத்தான். "போகும்போது மௌஞ்சாயனர் வீட்டுப் பக்கமா விடு. ஒரு சந்தேகம் கேக்கணும்."

சஸ்வதி எழுந்தாள். கன்றின் காதைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், படலைச் சாத்தினாள். அடுத்த வீட்டுப் பெண் அதைப் பார்த்தாள். அவளும் கன்றை இழுத்துக்கொண்டு சாத்தினாள். மூன்று மாட்டுக்காரன் வாசலுக்கு ஓடிவந்து ரதத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், "வாழ்க" என்று பாதி சொல்லி நிறுத்திவிட்டு உள்ளே போனான். பிறகு தெருவின் கடைசிவரை படல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துகிற சத்தம்.

"ஏன் எல்லாரும் கதவைச் சாத்தறாங்க?" என்றான் அபிரதன்.

"மரியாதை ராஜா" என்றேன், குதிரைகளைத் தட்டினேன்.